தலைமேல் வைத்த கடிதம்

புனித லூக்கா திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், காலைப் பூசைக்கு முதல் மணி அடித்து இரண்டாம் மணி அடிப்பதற்குள், ஆற்றுப் பாலத்தின் அந்தப் பக்கம் குதிரைகள் தெரிந்தன. கோபுரக் காவலாளி எண்ணிப் பார்த்து முந்நூறு இருக்கும் என்றான். நடுவில் ஒரு கோவேறு கழுதையும் வருகிறது என்றான்.

பாஸ்குவல் கழுதையைப் பற்றித்தான் மறுபடி கேட்டான். குதிரைகள் பிரபு தோன் ஸுவேரோவுடையவை. அதில் கேட்க ஒன்றுமில்லை. குதிரைக்காரர்கள் நடுவே கழுதையில் வருகிறவர் ஒன்று பாதிரியாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராஜாவாக இருக்க வேண்டும்.

"மேல என்ன போட்டிருக்காரு?"

"சாக்கு மாதிரி என்னமோ. கிழிஞ்சிருக்கு."

"அப்ப ராஜாதான்" என்றான் பாஸ்குவல். கிழிந்த துணியில் கழுதைமேல் திரிகிற ராஜா என்று நாடே பேசியது.

வில்யாமோராவுக்கு அந்த வருடம் அவன்தான் ஊர்த்தலைவன். வருடப் பிறப்பன்று சீட்டு எடுத்ததில் அவன் பெயர் வந்தது. ஆற்றோரம் அவனுக்கு ஓர் ஆலை இருந்தது. நெய்த கம்பளியை நனைத்துப்போட்டு, தண்ணீர் சுழற்றும் மரச்சம்மட்டிகளால் அடித்துக் கெட்டியாக்கும் ஆலை. காது கொஞ்சம் மந்தம். தலைமைப் பதவிக்கு அது நல்லது என்று முதலில் ஊரில் கேலி பேசினார்கள். தவக்காலத்தில் முதல் கடிதம் வந்த பிறகு யாரும் கேலி பேசவில்லை.

அந்தக் கடிதத்தில் ராஜா, தன் அன்புக்குரிய தோன் ஸுவேரோவின் சேவையை மெச்சி, வில்யாமோரா ஊரை ஆற்றோடும் ஆலைகளோடும் மேய்ச்சல் நிலத்தோடும் அவருக்கும் அவர் சந்ததிக்கும் கொடுத்திருந்தார். இருநூறு வருடமாக வில்யாமோரா ராஜாவின் சொந்த ஊர். நடுவில் எந்தப் பிரபுவும் கிடையாது. அடுத்த ஊரான மோராலும் அப்படித்தான் இருந்தது, போன வருடம் வரை. தோன் ஸுவேரோ மோராலுக்குள் வந்ததும் முதல் வேலையாக ஊர் நுழைவில் கல்லால் தூக்குமேடை கட்டினார். நான்கு தூண். இதுவரை அதில் யாரையும் தொங்கவிடவில்லை. அவசியம் வரவில்லை. இப்போது மோரால்காரர்கள் அவருடைய அடுப்பில்தான் ரொட்டி சுடுகிறார்கள், அவருடைய ஆலையில்தான் கம்பளி அடிக்கிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள்.

ராஜாவின் கடிதத்தை மறுக்கக் கூடாது. ஆனால் மறுக்காமலே மறுக்கக் காஸ்தில்யா ராஜ்யத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்த்தலைவன் வெறுந்தலையோடு நின்று கடிதத்தை இரண்டு கையாலும் வாங்குவான். முத்திரையில் முத்தமிடுவான். தலைமேல் வைப்பான். பிறகு சொல்வான்: "எங்கள் ராஜாவின் கடிதத்துக்குக் கீழ்ப்படிகிறோம். அதில் உள்ளபடி செய்யவில்லை." ஊர் எழுத்தர் அதை எழுதிக்கொள்வார். ராஜாவுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், விவரம் தெரிந்தால் அவரே வேண்டாம் என்பார் என்று அதற்கு அர்த்தம். யாருக்கும் மரியாதை கெடாது. கடிதம் கொண்டுவந்தவனுக்கு ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் மதுவும் கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

அப்படி இரண்டு முறை செய்யலாம். மூன்றாம் கடிதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மூன்றாவதையும் தலையில் வைத்துவிட்டுச் செய்யாமல் விட்டவன் துரோகி. அவன் தலை போகும். வீட்டை இடித்து, மனையை உழுது, உப்பு விதைப்பார்கள். ஆனால் அவன் தலைக்கு ஈடாகக் கடிதம் செத்துப்போகும், ஊர் கைமாறாது.

தவக்காலத்தில் ஒன்று. கோதுமை அடிக்கும் நாளில் ஒன்று. இன்றைக்கு மூன்றாவது.

இரண்டாம் கடிதத்துக்கு ஒன்பது நாள் கழித்து நடந்த ஒரு விஷயம் ஊருக்குத் தெரியாது. பட்டப்பகலில் ஓர் ஆள் ஆலைக்கு வந்தான். பெயர் தோமே, ராஜாவின் வேட்டைக்காரன். தோளில் ஒரு மான் தொடையைச் சுமந்துகொண்டு வந்தான். ராஜா அனுப்பியது என்றான். சம்மட்டிச் சத்தத்தில் பாஸ்குவலுக்குக் காதில் விழவில்லை. தண்ணீரை அடைத்து ஆலையை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னான்.

ராஜா காட்டு மாளிகையில் இருந்தாராம். அங்கே அவருக்கு ஒரு நொண்டிக் கரடி இருக்கிறது. அதற்குத் தன் கையால் தேனடை ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்ததாம், வில்யாமோரா இரண்டாம் முறையும் செய்யவில்லை என்று. பிரபு எழுந்து வெளியே போனாராம். அவர் போன பிறகு ராஜா சிரித்தாராம். அவர் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது என்றான் தோமே. யார் அந்த ஊர்த்தலைவன் என்று கேட்டாராம். நல்ல மனிதன், அவன் அப்படியே இருக்கட்டும் என்றாராம்.

அதை ஒரு வரி எழுதிக் கொடுத்தாரா என்று பாஸ்குவல் கேட்டான்.

தோமே அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "எழுதினா அது கடிதம் ஆயிடுமே தலைவரே. கடிதம்லாம் பிரபு பார்த்துட்டுத்தான் வெளிய போகும்."

மான் தொடையை அவன் மனைவி மென்சியா உப்பில் போட்டு வைத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் எட்டு நாள் சாப்பிட்டார்கள். வாசனை வெளியே போகாமல் இருக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ராஜா என் பக்கம் என்று பாஸ்குவல் அந்த எட்டு நாளும் நினைத்தான். அதற்குப் பிறகும் நினைத்தான்.

*

ஊர்ச்சபையில் ஆறு பேர். கோயில் முகப்பில் கூட வேண்டும் என்று ஆள் அனுப்பியதற்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு விடிகாலையிலிருந்து காய்ச்சல். இன்னொருவர் மலையில் ஆடு பார்க்கப் போய்விட்டார். மூன்றாமவரின் மனைவிக்குப் பிரசவ வலி என்று செய்தி வந்தது. அந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது என்று ப்ளாஸ்கோ ஞாபகப்படுத்தினான்.

ப்ளாஸ்கோ மென்சியாவின் அண்ணன், தோல் பதனிடுகிறவன். கதவைத் திறந்துவிடலாம் என்பது அவன் கட்சி. மோராலில் யாரும் சாகவில்லை. ரொட்டி யார் அடுப்பில் வெந்தாலும் ரொட்டிதான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்கள் யார் பேசினாலும் தலையாட்டினார்கள்.

"ரெண்டு தடவ தலையில வெச்சாச்சு மச்சான்" என்றான் ப்ளாஸ்கோ. "இதையும் வெச்சா, அடுத்ததை வைக்கத் தலை இருக்காது."

பாஸ்குவலுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் திறந்துவிட்டால் நாளைக்கே கல் வண்டி வரும். நான்கு தூண் எழும்பும். இந்த வருடத்து ஊர்த்தலைவன் யார் என்று அதற்குப் பிறகு எல்லா வருடமும் பேசுவார்கள். அவனுக்கு ஊரும் வேண்டும், தலையும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறதா என்று பாலத்தில் கழுதை வருகிறது என்று கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

கடிதம் எதற்கு, என்று எழுத்தர் ஹிமேனோவைக் கேட்டான். ராஜா இல்லாத இடத்தில் ராஜா பேசுவதற்கு, என்றார் ஹிமேனோ. ராஜா இருக்கிற இடத்தில்?

ஹிமேனோ நல்ல எழுத்துக்காரர், ஓயாத இருமல்காரர். பெட்டியைத் திறந்து ஊர்ச் சாசனத்தை எடுத்தார். ஆட்டுத்தோல் சுருள், எலி கடித்த ஓரம். விரலை வைத்து நெடுநேரம் தேடினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "ராஜா நேரில் இருக்கும்போது அவர் வாயே கடிதம்" என்று வாசித்தார். பிறகு, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பதால், இது ராஜா ஊரில் தங்கினால் எத்தனை கோழி கொடுப்பது என்ற இடத்தில் வருகிறது என்றார்.

"கோழிக்கு ஆகும்னா ஊருக்கும் ஆகும்" என்றான் பாஸ்குவல்.

ப்ளாஸ்கோ சிரித்தான். ஆனால் எதிர்க்கவில்லை. ராஜா தன் வாயால் கொடு என்றால் கொடுத்துவிடலாம். யாரும் துரோகி இல்லை. வேண்டாம் என்றால் கடிதம் செத்துப்போகும். அப்போதும் யாரும் துரோகி இல்லை. இதில் என்ன தப்பு என்று ப்ளாஸ்கோ மற்ற இருவரையும் பார்த்தான். அவர்கள் தலையாட்டினார்கள்.

*

நல்ல அங்கியைப் போட்டுக்கொள்ள வீட்டுக்குப் போனான். மென்சியா அதை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். கழுத்துப் பட்டியைச் சரிசெய்தபடி அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"மான் கறி தின்ன தைரியமா இது?"

அவன் அங்கியின் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அவரு வேணாம்னு சொல்லுவாருன்னு நினைக்கிறீங்க."

"அவர்கிட்ட எல்லாரும் இதைப் பண்ணு, அதைப் பண்ணுன்னு சொல்றாங்க. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தனும் கேட்டதில்ல மென்சியா. யாராவது கேக்கணும்."

அவள் பட்டியை விட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். பெண் கேட்டு பாஸ்குவல் போனபோது அவர் நான்கு மாதம் யோசித்தார். பாஸ்குவலை அவருக்குப் பிடித்திருந்தது. வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிட்டு சீஸும் மதுவும் கொடுப்பார். ஆனால் ஆமாம் என்று மட்டும் சொல்லமாட்டார்.

"நல்ல மனுஷன்தான் எங்கப்பா" என்றாள். "முடிவா என்னன்னு கேட்டவங்க மேலதான் அவருக்குக் கோவம் வரும்."

பாஸ்குவல் தொப்பியை எடுத்தான். தொப்பி தேவையில்லை என்று ஞாபகம் வந்து ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினான். அவள் சுவர்மேல் ஏறிப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

*

பெருங்கதவு மூடியிருந்தது. அதில் இருந்த சிறு கதவு வழியாக அவனும் ஹிமேனோவும் வெளியே வந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் மரத்தில் கைவைத்தபடி ப்ளாஸ்கோ நின்றான். சுவர் நெடுகத் தலைகள். குதிரைகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

தோன் ஸுவேரோ குதிரையிலிருந்து இறங்கி நின்றார். நாற்பது வயது இருக்கும். சத்தம் போட்டுப் பேசாத ஆள் என்று கேள்விப்பட்டிருந்தான். உண்மைதான். அவர் பேசியதைக் கேட்கப் பாஸ்குவல் ஓர் அடி முன்னால் போக வேண்டியிருந்தது. ஆலை எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார். மோராலில் இருப்பதைவிட இங்கே தண்ணீர் வேகம் அதிகம் என்று கேள்விப்பட்டாராம். ஆமாம் என்றான் பாஸ்குவல்.

"மூணாவது இது" என்றார் பிரபு. "எண்ணிக்கையில தப்பு இல்லையே?"

"இல்லை ஐயா."

பிரபுவின் ஆள் கடிதத்தை வாசித்தான். முதல் இரண்டில் இருந்த வார்த்தைகள்தான். கடைசியில், செய்யத் தவறினால் என்ன என்பது மட்டும் புதிது. தலை, வீடு, உப்பு. வாசித்து முடித்து நீட்டினான். பாஸ்குவல் இரண்டு கையாலும் வாங்கினான். முத்திரையில் உதட்டை வைத்தபோது அரக்கு இன்னும் இளகியிருந்தது. இன்று காலையில், இந்த ஆற்றங்கரையிலேயே வைத்த முத்திரை. அதை வைத்தபோது ராஜா எங்கே பார்த்துக்கொண்டிருந்தாரோ.

தலைமேல் வைத்தான்.

"எங்கள் ராஜாவின் கடிதத்துக்குக் கீழ்ப்படிகிறோம்."

அதோடு நிறுத்தினான். மீதி வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஹிமேனோவின் இறகுப் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. பிரபுவின் ஆட்களில் ஒருவன் வாளின் கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோனான்.

ராஜா இங்கேயே இருக்கிறார், ஊர்ச் சாசனப்படி அவர் வாயால் கேட்டுவிட்டு மீதியைச் சொல்கிறேன், என்றான் பாஸ்குவல். ஹிமேனோ சாசனத்தின் வரியை வாசித்தார். நடுவில் இருமினார். கோழியைப் பற்றிச் சொல்லவில்லை.

தோன் ஸுவேரோ கொஞ்சநேரம் பாஸ்குவலைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தான். அவர் புன்னகை செய்தார்.

"போ. கேளு. அவரு பதில் சொல்லி நானே கேட்டு ரொம்ப நாளாச்சு."

அவர் ஆட்கள் சிரித்தார்கள். பாஸ்குவல் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடியில், இந்தச் சிரிப்பை இன்னும் சிறிது நேரத்தில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தான்.

*

ஓக் மரத்தடியில், வேர்மேல் ராஜா உட்கார்ந்திருந்தார். கழுதை பக்கத்தில் புல் மேய்ந்தது. பெரிய உடம்பு, பெரிய கைகள், வெளுத்த முகம். பழுப்பு நிறக் கம்பளி மேலங்கி, முழங்கை கிழிந்தது. பாஸ்குவலின் ஆலையில் அடிக்க வந்திருந்தால் இந்தத் துணிக்கு இவ்வளவு சீக்கிரம் கிழிசல் வந்திருக்காது. மடியில் ஒரு வேட்டை நாயின் முன்னங்காலை வைத்து, அதிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி பிரபுவின் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள்.

பாஸ்குவல் மண்டியிட்டான். கையை முத்தமிடக் குனிந்தபோது ராஜா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேணாம்யா. நாய்க் காலைத் தொட்ட கை."

தன் பெயரையும் ஊரையும் பாஸ்குவல் சொன்னான். ராஜாவின் முகம் மாறியது. பள்ளிக்கூடம் விட்டது மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. பிரபுவின் ஆட்கள் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கறி கொஞ்சம் நாரா இருந்திருக்குமே? வயசான மானு."

"நல்லா இருந்தது ராஜா. எட்டு நாள் வந்தது."

"உப்புல போட்டீங்களா? அதான் சரி. அதுதான் சரி." நாயின் காலைத் தடவிக்கொடுத்தார். "ரெண்டு தடவையும் நீதானே? நீதான்னு தோமே சொன்னான். ரொம்ப நல்லா செஞ்ச."

சுவர்மேல் இருக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும் என்று பாஸ்குவல் நினைத்தான். கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான். இது தாங்கள் எழுதியதாகச் சொல்கிறார்கள், தாங்களே வந்திருப்பதால் தங்கள் வாயால் கேட்க வந்தேன், ஊரைக் கொடுப்பது தங்கள் விருப்பம்தானா, இல்லை என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்றான். வீட்டிலேயே அடுக்கிவைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள். தடங்கலில்லாமல் வந்தன.

ராஜா கடிதத்தை வாங்கவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

"ஏன்யா இப்படிப் பண்ணின?"

பாஸ்குவலுக்குப் புரியவில்லை. காது மந்தத்தால் தப்பாக விழுந்ததோ என்று முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"அங்கேயே சொல்லியிருக்கலாம்ல" என்றார் ராஜா. மெல்லிய குரல், ஆனால் அதில் கோபம் இருந்தது. "ரெண்டு தடவ சொன்ன மாதிரி சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல. நான் பாட்டுக்கு இங்க நாயைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன்."

"மூணாவது கடிதம் ராஜா. சொன்னா என் தலை போயிடும்."

"தெரியும்" என்றார் ராஜா. "அது எனக்குத் தெரியாதா?"

நாய் காலை இழுத்தது. அவர் அதை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அவனுடைய ஆத்மாவுக்காக வருடா வருடம் பூசை வைத்திருப்பேன் என்றார். பெரிய கோயிலில், பாட்டோடு. பெண்டாட்டிக்கும் ஏதாவது செய்திருப்பேன் என்றார். அதை நினைத்து நினைத்துத்தான் நேற்றிரவு தூக்கம் வந்ததாம். இப்போது இவன் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான்.

"நான் வேணாம்னு சொன்னா அவரு சத்தம் போடமாட்டாரு" என்றார். "மெதுவாப் பேசுவாரு. ராத்திரி வரைக்கும் பேசுவாரு. காலையில வந்து மறுபடி பேசுவாரு. உனக்குத் தெரியாதுய்யா."

பாஸ்குவல் மண்டியிட்டபடியே இருந்தான். முழங்கால் ஈரமாகிவிட்டது. இரண்டு கடிதத்திலும் ராஜா ஊரைக் காப்பாற்றியதாக அவன் நினைத்திருந்தான். ஊர்தான் ராஜாவைக் காப்பாற்றியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லாத மனிதர் இரண்டு முறை வில்யாமோராவின் வாயால் சொல்லிக்கொண்டார். மூன்றாம் முறையும் அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் அரக்கு இளகியிருக்கும்போதே ஆற்றங்கரை வரை வந்திருக்கிறார். ஒரு தலை போகும் என்று தெரிந்து வந்திருக்கிறார். அந்தத் தலைக்குப் பூசையும் யோசித்து வைத்திருக்கிறார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தின்ற கறி வயிற்றில் இருப்பது போலவே இருந்தது.

இனி எழுந்து போய் மீதியைச் சொல்லவும் முடியாது. கேட்டாகிவிட்டது. கேட்டுவிட்டு, பதில் வாங்காமல் செய்யமாட்டேன் என்றால், நேரில் இருக்கிற ராஜாவையே மறுத்ததாகும். கேட்கப் போகாமல் இருந்திருந்தால் அவன் தலை மட்டும் போயிருக்கும். ஊர் இருந்திருக்கும். இப்போது ராஜா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் போய்விடும். வேண்டாம் என்ற வார்த்தை அவருக்கு வராது என்று பத்தடி தள்ளி நிற்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் பிரபு சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

காலணிக் குதிமுள் சத்தம் கேட்டது. தோன் ஸுவேரோ அவசரமில்லாமல் நடந்து வந்தார். பின்னால் ஹிமேனோ, வாயில் இறகை வைத்துக்கொண்டு, மைக்கொம்பைச் சிந்தாமல் பிடித்தபடி வந்தார்.

"என்ன சொல்றாரு?" என்று பிரபு பாஸ்குவலைக் கேட்டார்.

"இன்னும் சொல்லல ஐயா."

பிரபு ராஜாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சகோதரனிடம் பேசுவது போல் அவர் தோளில் கைவைத்தார். வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விடலாம், கோயிலுக்குப் பக்கத்தில் அறை ஏற்பாடு செய்திருக்கிறது, சாயங்காலம் மேல்காட்டில் காட்டுப்பன்றி இருக்கிறதாம், என்றார். எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். கடைசியாக, திறக்கச் சொல்லிவிட்டீர்கள்தானே என்று கேட்டார். கேள்வி போலவே இல்லை.

ராஜா குனிந்திருந்தார். காது சிவந்திருந்தது. "முள்ளு உள்ள ஒடிஞ்சிருக்கு" என்றார்.

"ஆள் பார்த்துக்குவான் ராஜா."

"இல்ல, நானே எடுக்கணும். இது என்கிட்டதான் காட்டும்."

தோளில் இருந்த கை அங்கேயே இருந்தது. பிரபு காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை. ஹிமேனோ காகிதத்தைப் பலகைமேல் வைத்து இறகை மையில் தோய்த்தார். சுவர்மேல் பழுப்பு முக்காடு ஒன்று தெரிந்தது. மென்சியாவாக இருக்கலாம், வேறு யாராவதாகவும் இருக்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, மரத்தடியில் நான்கு பேர் ஒரு நாய்க்கு வைத்தியம் பார்ப்பது போலத்தான் தெரியும்.

ராஜா தலையை லேசாக ஆட்டத் தொடங்குவதைப் பாஸ்குவல் பார்த்தான். ஆமாம் என்று ஆட்டப்போகிறாரா, நாயைப் பார்த்து ஆட்டுகிறாரா என்று தெரியவில்லை. பிரபுவுக்கு அந்த அசைவு போதும். எழுத்தருக்கும் போதும் என்றாகிவிடும்.

அனுமதி கேட்காமல் பாஸ்குவல் எழுந்து நின்றான். ராஜா முன்னால் யாரும் அப்படி எழுவதில்லை. தோன் ஸுவேரோவின் கை தோளை விட்டு எடுபட்டது. ஆலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அவனுக்கு. இருநூறு அடி தள்ளி, சுவருக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் பிடித்து நிற்கிற ப்ளாஸ்கோவுக்கும் கேட்கும்படி, தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்டான்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க ராஜா. வில்யாமோரா உங்க ஊரா, இவரு ஊரா?"